உப்புத் தண்ணீர்க் கூண்டு

எங்கள் கட்டடத்தில் எலி கடிக்காத ஒரே ஆள் பஞ்சு அண்ணன்தான். என்னைக் கடித்திருக்கிறது. பெரிய டாக்டரைக் கடித்திருக்கிறது. கூண்டு விற்க வந்த வியாபாரி ஒருவர் கட்டைவிரலில் எலி தொங்க வாசல்வரை ஓடியிருக்கிறார். அண்ணன் கையை உள்ளே விட்டால் மட்டும் அதுகள் தாமாகவே வந்து உள்ளங்கையில் ஏறி உட்காரும். பஞ்சு மாதிரிக் கை என்று யாரோ சொல்லப்போய் அதுவே பெயராகிவிட்டது. அவருடைய உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் புழங்கியதில்லை.

அந்தக் கையால்தான் அவர் கொல்லவும் செய்தார். புதிதாகக் கண்டுபிடிக்கிற மருந்துகளை மனிதருக்குக் கொடுக்கும் முன் எலிக்குக் கொடுத்துப் பார்க்கிற இடம் எங்களுடையது. இங்கே தீவன மூட்டை இறக்க வந்த அண்ணன், அன்றைக்கு ஓடிப்போன ஒரு எலியை மூட்டைச் சந்திலிருந்து வெறுங்கையால் எடுத்துக் கொடுத்தார். மறுநாளே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அதன்பின் இருபத்தாறு வருடங்கள். எலிகளுக்குத் தீனி வைப்பது, ஊசிக்குப் பிடித்துக் கொடுப்பது, வாராவாரம் எடை போடுவது, சோதனை முடிந்த அன்று ஒவ்வொன்றாக வாயுப் பெட்டிக்குள் வைத்து மூடுவது, எல்லாம் தரைத்தளத்தில் அவர் வேலை. செத்ததன் ஈரலை மெழுகுக் கட்டியில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, நுண்நோக்கியில் பார்த்து எழுதுவது மூன்றாம் மாடியில் என் வேலை. கீழே அவர் கொல்வார், மேலே நான் வெட்டுவேன். மதியம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம். வேறு யாரும் அந்த மேசைக்கு வருவதில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சாயப் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுப் போனவனை நான் திட்டினால் தரைத்தளம்வரை கேட்கும். அண்ணன் அப்படி இல்லை. வழியில் எறும்புச் சாரை குறுக்கிட்டால் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆள். அந்த இரக்கம் அவர் மனைவியை என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதில் என் கோபத்துக்கும் பங்கு உண்டு. யார் பங்கு அதிகம் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

காந்தத் துகள் எங்களிடம் வந்தது மூன்று வருடங்களுக்கு முன். பால் ஊற்றாத காப்பி நிறத்தில் ஒரு திரவம். இரும்பைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்கி, ஒவ்வொரு பொடிக்கும் மாவுச்சத்தில் ஒரு சட்டை போட்டு, நீரில் மிதக்க விட்டிருந்தார்கள். ஈரலில் கத்தி வைக்க முடியாத இடத்தில் கட்டி வந்தவர்களுக்கு இதை ஊசியாகப் போட்டு, ஆளை ஒரு பெரிய மின்சாரச் சுருளுக்குள் படுக்கவைத்தால், கட்டிக்குள் போய்ச் சேர்ந்த துகள் சூடேறிக் கட்டியை மட்டும் வேகவைக்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேலை முடிந்தவுடன் அந்த இரும்பு உடம்பைவிட்டுப் போய்விடாது. நல்ல ஈரலிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரல் அதைத் தாங்குமா, அழுகுமா? அதைத்தான் நாங்கள் பார்த்துச் சொல்லவேண்டும்.

நாற்பது எலிகள், தொண்ணூறு நாட்கள். பத்து எலிகளுக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. அது வெள்ளை அட்டை மாட்டிய கூண்டு. மஞ்சள் அட்டைக்குக் கொஞ்சம் துகள், பச்சைக்கு நடுத்தரம், சிவப்புக்கு மிக அதிகம். எந்த எலி எந்தக் கூண்டுக்குப் போகவேண்டும் என்பதை மனிதர் முடிவுசெய்யக் கூடாது. அதற்காக ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் நாற்பது சீட்டு போட்டு வைத்திருப்போம். அண்ணன் இடக்கையில் எலியைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் சீட்டு எடுப்பார். சீட்டு என்ன நிறமோ அந்தக் கூண்டு. தொண்ணூறாம் நாள் வெள்ளைக் கூண்டு ஈரலையும் சிவப்புக் கூண்டு ஈரலையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தால், துகள் செய்த கெடுதல் பளிச்சென்று தெரிந்துவிடும்.

எங்களுக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை. சாயம் பட்டால் இரும்பு நீலமாகும். சிவப்புக் கூண்டு ஈரல்களில் நீலப் புள்ளிகள் நிறைய இருந்தன, ஆனால் சதை நன்றாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், துகளே போடாத வெள்ளைக் கூண்டு எலிகள்தான் மெலிந்து போயிருந்தன. அவற்றில் இரண்டின் ஈரலில் வீக்கம்கூட இருந்தது.

"இது மருந்தா, டானிக்கா?" என்று பெரிய டாக்டர் சிரித்தார். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் தலைவர், அறிக்கையில் கடைசிக் கையெழுத்து அவருடையது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். முப்பது வருடமாக ஈரல் பார்க்கிறவள், ஊசி போடாத எலி ஏன் மெலிந்தது என்று அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும். நல்ல சேதி வரும்போது யாருக்குக் கேள்வி கேட்கத் தோன்றுகிறது? அறிக்கை போனது. எதிர்ச் சாரியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் மனிதருக்குப் போட்டுப் பார்க்க அனுமதியும் வந்தது.

அனுமதி வந்த சமயத்தில்தான் அண்ணியின் கட்டி தெரிந்தது.

அண்ணி தையல்காரி. இரண்டு மெஷின் போட்ட சின்னக் கடை, அதன் பின்னாலேயே வீடு. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வாடிக்கையாளரைத் திட்டக்கூடிய ஒரே ஆளை நான் அங்கேதான் பார்த்தேன். பிள்ளைகள் இல்லை. அண்ணன் வேலையிலிருந்து வந்தால் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவி, மூக்கருகே நீட்டிக் காட்டினால்தான் அண்ணி உள்ளே விடுவார். "உங்களுக்கு வாக்கப்பட்டதுக்கு ஒரு பூனைக்கு வாக்கப்பட்டிருக்கலாம். அதுவாவது எலியைத் தின்னுட்டு வரும், நீங்க கொஞ்சிட்டு வர்றீங்க" என்பார். திட்டு அப்படி, ஆனால் அண்ணனின் வேலைச் சட்டைக்கு உள்பக்கமாக ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுத்ததும் அவர்தான். குனியும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கூண்டுக்குள் தவறவிடுகிறாராம்.

விலாவுக்குக் கீழே வலி என்று போனவருக்கு ஈரலில் எலுமிச்சை அளவு கட்டி என்றார்கள். பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருந்ததால் வெட்ட முடியாது. காந்த ஊசிக்கான பட்டியலில் நாற்பது பேர். அண்ணிக்கு ஆறாம் எண் கிடைத்தது. கட்டி குழாய்க்குள் புகுந்துவிட்டால் அந்த ஊசியும் உதவாது, இரண்டு மாதம்தான் அவகாசம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். முறை வருவதோ நாலே வாரத்தில். கூட்டிக் கழித்துப் பார்த்து எல்லோரும் மூச்சுவிட்டோம்.

"என்னை இஸ்திரி போடப்போறாங்களாம், கேட்டியா?" என்றார் அண்ணி என்னிடம். "இத்தனை வருஷம் ஊரார் துணிக்கு நான் போட்டேன். இப்ப எனக்கே."

"பயமா இருக்கா அண்ணி?"

"உங்க அண்ணன் எலிங்களுக்கு ஒண்ணும் ஆகலையாம். எனக்கு மட்டும் என்ன ஆயிடும்? நான் என்ன எலியைவிட மட்டமா?"

"தொண்ணூறு நாள் என் கையாலயே பார்த்தேன்மா" என்றார் அண்ணன். "சிவப்புக் கூண்டுல ஒண்ணுகூட சுருண்டு படுக்கலை." அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்த மருந்தைத் தானே அடுப்பில் வைத்துக் காய்ச்சிக் கொண்டுவந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அண்ணிக்கு ஊசி போட இன்னும் இருபத்தொரு நாள் இருந்தது. வேறு ஏதோ மருந்துக்குப் புது எலிகள் வந்து இறங்கியிருந்தன. ஈரல் புட்டியில் ஒட்ட விட்டுப்போன ஒரு பெயர்ச் சீட்டை வாங்க மதியம் நான் கீழே போனேன். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து எலிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். இடக்கையில் எலி. வலக்கை டப்பாவுக்குள் போய்ச் சிவப்புச் சீட்டோடு வெளியே வந்தது. அவர் அதைப் பார்த்தார், எலியைப் பார்த்தார், சிவப்புச் சீட்டை மேசையில் ஓரமாக வைத்தார். பிறகு அண்ணி தைத்துக் கொடுத்த உள்பைக்குள் கையை விட்டு ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்தார். எலி வெள்ளைக் கூண்டுக்குள் போனது.

"என்ன அண்ணே பண்றீங்க?"

திடுக்கிடக்கூட இல்லை. "இது நோஞ்சான்மா. எடை எல்லாத்துக்கும் ஒண்ணுதான். ஆனா கையில எடுத்தா தெரியுது, விரலைப் பிடிக்கவே தெம்பில்லாம துவளுது. இதைப் போய் சிவப்புல போட்டா தாங்குமா? பாவம்."

"அதனால?"

"உப்புத் தண்ணிக் கூண்டுல போட்டுடுவேன். நல்லா துள்ளுறது ஒண்ணு வெள்ளை எடுத்திருக்கும்ல, அதை சிவப்புக்கு மாத்திடுவேன். எண்ணிக்கை சரியா வந்துடும்."

"எப்ப இருந்து?"

"எப்பவுமே இப்படித்தான்." அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் செய்துவந்த தருமம் அம்பலமாகிவிட்டது போல ஒரு சிரிப்பு.

மேசை ஓரத்தில் கிடந்த சிவப்புச் சீட்டைப் பார்த்தேன். "காந்தத் துகளுக்கும் மாத்தினீங்களா?"

"ஆமா. அதுல ஆறு."

நான் கத்தவில்லை. என் ஆயுளில் கத்தவேண்டிய ஒரே இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"அண்ணே, நோஞ்சானெல்லாம் வெள்ளைக் கூண்டுல, பயில்வானெல்லாம் சிவப்புக் கூண்டுல. சரியா? மருந்து ஏதாவது கெடுதல் பண்ணியிருந்தாலும் பயில்வான் தாங்கிக்கும். நோஞ்சான் மருந்தே இல்லாம தானா மெலியும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா மருந்து தங்கம்னுதான் தெரியும். நாம அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கோம்."

"எப்படியும் கடைசியில எல்லாத்தையும் பெட்டில போடத்தானேம்மா போறேன்? இருக்கிற தொண்ணூறு நாளாவது நோகாம இருக்கட்டுமேன்னு..." பாதியில் நின்றுவிட்டார். கையிலிருந்த எலி விரலிடுக்கில் மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தது. "அப்ப அது விஷமா?"

"தெரியாது. அதான் விஷயமே. விஷமா இல்லையான்னு நமக்குத் தெரியவே தெரியாது."

"அவளுக்கு இன்னும் மூணு வாரத்துல..."

"எனக்குத் தெரியாதா அண்ணே?"

அப்போதுதான் கோபம் வந்தது, எங்கே போயிருந்ததோ. "ரெண்டு நாள் தர்றேன். நீங்களே பெரிய டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க. இல்லைன்னா நான் சொல்வேன். அந்தப் பட்டியல்ல நாற்பது பேர் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடியேறி வந்துவிட்டேன். வாங்கப் போன சீட்டை அங்கேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் அவர் டப்பாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அவகிட்ட சொல்லிட்டேன். 'எனக்குப் பரவாயில்லை, நான் போட்டுக்கறேன், நீங்க வாயைத் திறக்காதீங்க'ன்னா. 'எலிமேல பார்த்த பாவத்துல பாதியை என்மேல பாருங்க'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஊசியப் போட்டு அவ ஈரல் அழுகுச்சுன்னா அது நான் கொன்னதுதானேம்மா? இத்தனை நாள் தெரியாம பண்ணேன். இப்பத் தெரிஞ்சு பண்ணதாயிடும்." டப்பாவை ஒரேயடியாக மூடினார். "நீங்களே சொல்லுங்க. உங்க புருஷனுக்கு இப்படின்னா என்ன பண்ணுவீங்க?"

"சொல்லிடுவேன்" என்றேன், ஒரு நொடிகூட யோசிக்காமல். எனக்குப் புருஷன் இல்லை. என் வீட்டுக் கட்டிலில் யாரும் நோயில் படுத்திருக்கவில்லை. அப்படிப்பட்டவளுக்கு இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சட்டென்று வந்துவிடும்.

மூன்றாம் நாள் காலையில் அவர் பெரிய டாக்டர் அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"எத்தனை?" என்றார் பெரிய டாக்டர்.

"ஆறுங்க."

"இத்தனை வருஷமா எத்தனை மருந்துக்கு இப்படிப் பண்ணியிருக்கீங்க?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஜன்னலைப் பார்த்தார், அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. மற்ற மருந்துகளைப் பற்றி அதன்பின் எங்கள் கட்டடத்தில் யாரும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. என்னுடைய நேர்மையின் நீளம் அவ்வளவுதான்.

"நியாயமா உங்களை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும்" என்றார் பெரிய டாக்டர். "அனுப்பிட்டா எலியை யார் பிடிக்கிறது? முழுச் சோதனையும் முதல்ல இருந்து பண்ணணும். நீங்களே பண்ணுங்க. சீட்டை மட்டும் இவங்க எடுப்பாங்க."

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் பட்டியலை நிறுத்தினார்கள். முதல் ஆளுக்குக்கூட இன்னும் ஊசி போட்டிருக்கவில்லை.

அண்ணி நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சண்டை போட்டார். எனக்கு மட்டும் போடுங்கள், செத்தால் என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். அப்படியெல்லாம் முடியாதும்மா, ஒரு நாலு மாசம் பொறுத்துக்குங்க என்றாள் நர்ஸ். "நான் பொறுத்துக்கறேன். என் கட்டிகிட்ட நீயே வந்து சொல்லு, அதையும் பொறுத்துக்கச் சொல்லி" என்று வயிற்றைக் காட்டினாராம். எனக்கும் அன்றைக்கு நிறையத் திட்டு விழுந்தது. அண்ணனோடு பேச்சையே நிறுத்திவிட்டார். கடையில் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும், அதுவும் சில நாட்களில் நின்றுபோனது.

புது எலிகள் வந்தன. முக்காலியில் அண்ணன், எதிரே டப்பாவோடு நான். அவர் எலியைத் தூக்கிக் காட்டுவார், நான் சீட்டை எடுத்து நிறத்தைச் சொல்வேன். முப்பத்தேழாவதாக வந்தது ஒரு சோப்ளாங்கி. அவர் உள்ளங்கையில் கால்களைப் பரப்பிக்கொண்டு அப்படியே கிடந்தது. நான் சீட்டைப் பிரித்தேன்.

"சிவப்பு."

"இதுவா?"

"சீட்டு சொல்லுது அண்ணே."

அவர் அதை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். பிறகு சிவப்புக் கூண்டைத் திறந்து உள்ளே விட்டார்.

அந்தச் சோப்ளாங்கி ஒரு மாதத்தில் தேறிவிட்டது. சிவப்புக் கூண்டு முழுவதுமே தேறியது. தின்றன, ஒன்றையொன்று துரத்தின, கூண்டுக் கம்பியில் ஏறித் தொங்கின. வாராந்திர எடைத்தாள் என் மேசைக்கு வரும். ஒவ்வொரு வாரமும் எண்கள் ஏறிக்கொண்டே போயின. அதே நாட்களில்தான் அண்ணி இறங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி சொன்ன இரண்டு மாதக் கெடு, சோதனையின் முப்பதாம் நாள் வாக்கில் முடிந்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டி குழாய்க்குள் போய்விட்டது, இனி அந்த ஊசிக்கு வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நாற்பத்தைந்தாம் நாள் நான் அவரைப் பார்க்கப் போனேன். மெஷின்மேல் பழைய படுக்கைவிரிப்பைப் போட்டு மூடியிருந்தார்கள். அண்ணியின் கண் மஞ்சளாகியிருந்தது, வயிறு உப்பிக் கைகால் குச்சியாகியிருந்தது. படுத்தபடியே யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஊசியைத் தலையணையில் குத்திவிட்டுக் கையை நீட்டினார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"உன்மேல ரொம்பக் கோவமா இருந்தேன்" என்றார். "வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே."

"என்ன அண்ணி, அதெல்லாம் எதுக்கு இப்ப."

"சிவப்புக் கூண்டுல நாலு செத்துடுச்சாமே? மிச்சமும் சுருண்டு கிடக்குதாம். உங்க அண்ணன் சொன்னார். மத்த எதுல பொய் சொன்னாலும் எலி விஷயத்துல அந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டார். நல்லவேளைடி, நீ தடுத்தே. இல்லைன்னா எனக்கும் அதே கதிதான். ஈரல் அழுகிச் சாகறதுக்கு இது எவ்வளவோ மேல்."

சிவப்புக் கூண்டில் ஒன்றுகூடச் சாகவில்லை. அன்று காலையில்தான் நான் எடைத்தாளைப் பார்த்திருந்தேன். அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்று போர்வை நுனியைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆமா அண்ணி" என்றேன். "நல்லவேளைதான்."

அண்ணி அண்ணன் பக்கம் திரும்பி, "பாவம், அந்த எலிங்களையாவது பார்த்துக்கோங்க" என்றார். அவர்கள் இருவரும் மறுபடி பேச ஆரம்பித்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எந்தப் பொய்யால் என்பதும் புரிந்தது.

அறுபத்தோராம் நாள் அண்ணி போய்ச் சேர்ந்தார். அண்ணனுக்கு இரண்டு நாள் விடுப்பு கொடுத்தார்கள். அறுபத்துமூன்றாம் நாள் எடை போடவேண்டிய நாள், அவரைத் தவிர யாராலும் பிடிக்க முடியாது, அதனால் வந்துவிட்டார். எழுத ஆளில்லாமல் நான் கீழே போய் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துக் கிராமைச் சொன்னார், நான் எழுதினேன். கடைசியில் சிவப்புக் கூண்டு வந்தது. முப்பத்தேழு அவர் சட்டைக் கையைப் பிடித்துத் தோள்வரை ஏறிப்போய் உட்கார்ந்துகொண்டது. அதை இறக்கிவிட்டுத் தராசில் வைத்தார். சிவப்பிலேயே அதுதான் கனம்.

"ஒண்ணாவது செத்திருக்கலாம்மா" என்றார். "தினமும் கதவைத் திறக்கும்போது அதை வேண்டிக்கிட்டேதான் திறந்தேன். ஒரே ஒண்ணு செத்திருந்தாப் போதும். அவகிட்ட நாலுன்னு சொல்லிட்டேன், ஒண்ணாவது நிஜமா இருக்கட்டுமேன்னு. ஒரு நாள் நானே அமுக்கிடலாம்னுகூடக் கையில எடுத்தேன். முடியலை."

"வெளியில நல்லா இருந்தாலும் உள்ள கெட்டிருக்கலாம் அண்ணே. ஈரலைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

"அப்படியா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இருந்த ஆசையைக் கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது, என்மேலேயே. மனைவியை எரித்துவிட்டு வந்த ஒருவரை, எலியின் ஈரல் அழுகியிருக்குமா என்று ஆசைப்படவைத்திருந்தேன்.

தொண்ணூறாம் நாள் நாற்பதையும் அவரே பெட்டிக்குள் வைத்து மூடினார். ஈரல் போட்டுச் சீட்டு ஒட்டிய நாற்பது புட்டிகளை அவரே மாடிக்குக் கொண்டுவந்து என் மேசையில் வரிசையாக அடுக்கினார். "பார்த்துச் சொல்லுங்கம்மா" என்றார்.

ஒன்பது நாள் பார்த்தேன். எத்தனையோ வருடங்கள் ஈரலில் நோய் இருக்கக்கூடாதே என்று பார்த்தவள், இந்த முறை இருக்கவேண்டுமே என்று பார்த்தேன். சிவப்புக் கூண்டு ஈரல் ஒவ்வொன்றிலும் வழக்கமாக வெட்டுவதைவிட இரண்டு மடங்கு வெட்டினேன். நீலப் புள்ளிகள் இருந்தன, இருக்கவேண்டிய இடத்தில். செத்த செல் இல்லை, தழும்பு இல்லை, வீக்கம் இல்லை. வெள்ளைக் கூண்டுக்கும் சிவப்புக் கூண்டுக்கும் நீலத்தைத் தவிர எந்த வித்தியாசமும் இல்லை. அந்த ஆறு எலிகளை மாற்றாமலே இருந்திருந்தாலும் முதல் அறிக்கை இதைத்தான் சொல்லியிருக்கும். நான் அன்று மதியம் கீழே போகாமல் இருந்திருந்தால், அண்ணி ஊசி போட்டுக்கொண்டிருப்பார். பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஊசியால் செத்திருக்கமாட்டார் என்பது மட்டும் இப்போது தெரியும்.

பத்தாம் நாள் மாலை டீ வேளையில் அண்ணன் மேலே வந்தார். உட்காரவில்லை.

"பார்த்துட்டீங்களாம்மா?"

"ம்."

"கெட்டுப் போயிருக்கா?"

"ஆமா அண்ணே" என்றேன். "சிவப்புல ஈரல் கெட்டிருக்கு. நாம நிறுத்தினது சரிதான்."

"எந்த எலி?"

எண் கேட்பார் என்று நான் யோசித்திருக்கவில்லை. நோஞ்சானாக வந்ததைச் சொன்னால் நம்புவார் என்று தோன்றியது. "முப்பத்தேழு."

அவர் மேசைமேல் இருந்த தகடுகளைப் பார்த்தார். பிறகு தன் வலக்கையை விரித்து அதைப் பார்த்தார்.

"முப்பத்தேழு பெட்டிக்குள்ள போகும்போதுகூட என் விரலை விடவே இல்லை. ஒவ்வொரு நகமா பிரிச்சு எடுக்கவேண்டியதா போச்சு. ஈரல் கெட்டதுக்கு அந்தப் பிடி வராது." அவர் குரலில் கோபம் இல்லை. "நானும் இதையேதான் அவகிட்ட சொன்னேன். அவ நம்பிட்டா. நான் கையில பிடிச்சவன்மா."

அவர் கதவுவரை போய்த் திரும்பினார்.

"ரிப்போர்ட்ல உள்ளது உள்ளபடி எழுதிடுங்க. அவளுக்கு அடுத்த ஏழாம் நம்பர்காரர் இன்னும் காத்துக்கிட்டு இருக்காராம்" என்று சொல்லிவிட்டு, எலிகளுக்குத் தண்ணீர் மாற்றக் கீழே போனார்.